பேரை மறைச்ச பிறகுதான் பாட்டு ஓடுச்சு: பீ ஜீஸ், 1975

ஒரு வாசகர் கேட்டது: பீ ஜீஸ்ங்கிற பாட்டுக் குழுவை உலகத்துக்கு ஞாபகப்படுத்தினதே சாட்டர்டே நைட் ஃபீவர் படம்தான், அந்தப் படம் இல்லன்னா அந்த அண்ணன் தம்பிங்க காணாமலே போயிருப்பாங்கன்னு எங்க அப்பா சொல்றார். உண்மையா?

மார்ச் 3, ராத்திரி

இல்ல தம்பி. படம் வந்தது 1977 டிசம்பர்ல. அவங்க திரும்பி வந்தது அதுக்கு ரெண்டரை வருஷம் முன்னாடி, ஜைவ் டாக்கின் பாட்டால. 1975 மே மாசம் ரிலீஸ், ஆகஸ்ட்ல அமெரிக்காவுல பில்போர்டு பட்டியல்ல நம்பர் ஒன், ரெண்டு வாரம் அங்கயே நின்னுச்சு. இங்கிலாந்துல அஞ்சாவது இடம் வரைக்கும் போச்சு. அதே பாட்டை அப்புறம் படத்தோட ரெக்கார்டுலயும் போட்டாங்க, அதனாலதான் உங்கப்பா மாதிரி நிறைய பேருக்கு ரெண்டும் ஒண்ணாக் கலந்துடுச்சு. இத்தனைக்கும் அந்தப் பாட்டு வர்ற சீனைப் படத்துல வெட்டிட்டாங்க. ரெக்கார்டுல மட்டும் தங்கிடுச்சு.

மிச்சத்தை நாளைக்கு எழுதறேன், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை.

மார்ச் 4

முதல்ல அவங்க எவ்வளவு கீழ போயிருந்தாங்கன்னு தெரியணும், இல்லன்னா 1975ல என்ன நடந்துச்சுன்னு புரியாது.

பாரி, ராபின், மாரிஸ் மூணு பேரும் சகோதரங்க, ராபினும் மாரிஸும் ரெட்டைப் பிள்ளைங்க. பிறந்தது ஐல் ஆஃப் மேன் தீவு, கொஞ்ச நாள் மான்செஸ்டர், 1958ல குடும்பமே ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிடுச்சு. குவீன்ஸ்லாந்துல ரெட்கிளிஃப்னு ஒரு ஊர், அங்க சின்னப் பசங்களா பாட ஆரம்பிச்சு, 1967 தொடக்கத்துல இங்கிலாந்துக்குத் திரும்பி வந்து ராபர்ட் ஸ்டிக்வுட்ங்கிற மேனேஜர்கிட்ட சேர்ந்தாங்க. அந்த வருஷமே மாசசூசெட்ஸ் பாட்டு இங்கிலாந்துல நம்பர் ஒன். 1969ல ராபின் கோவிச்சுக்கிட்டுத் தனியாப் போயிட்டார், மறு வருஷம் சேர்ந்தாங்க, 1971ல ஹவ் கேன் யூ மெண்ட் எ புரோக்கன் ஹார்ட் அமெரிக்காவுல நம்பர் ஒன். அதோட சரி. 1973ல வந்த ஆல்பம் விக்கல, அதுக்கு அடுத்ததா ஒரு முழு ஆல்பம் பாடி முடிச்சுக் கொடுத்தாங்க, கம்பெனி வேண்டாம்னு திருப்பிடுச்சு, அது கடைசி வரை வெளியவே வரல. 1974ல மிஸ்டர் நேச்சுரல், அதுவும் படுத்துடுச்சு.

அந்த 1974லதான் வடக்கு இங்கிலாந்துல பேட்லி வெரைட்டி கிளப்னு ஒரு இடத்துல பாடிட்டு இருந்தாங்க. சாப்பிட்டுக்கிட்டே பாட்டு கேக்கிற கூட்டம். அங்க பாடறது கேவலம்னு நான் சொல்லல, பெரிய பெரிய பாடகர்லாம் அங்க பாடியிருக்காங்க. ஆனா மூணு வருஷம் முன்னாடி அமெரிக்காவுல நம்பர் ஒன்ல இருந்தவங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அதுதான் எங்க வாழ்க்கையில அடிமட்டம்னு அவங்களே பின்னாடி சொல்லியிருக்காங்க.

இன்னொண்ணு, இது எனக்கு எப்பவும் ஆச்சரியம்: அப்போ பாரிக்கு 27 வயசு, ரெட்டையருக்கு 24. அந்த வயசுல 'பழைய குரூப்' ஆயிட்டாங்க.

மார்ச் 5, காலையில

பாலத்துக் கதை கேட்டிருக்கீங்க, சொல்றேன்.

கிட்டாரிஸ்ட் எரிக் கிளாப்டனுக்கும் ஸ்டிக்வுட்தான் மேனேஜர். கிளாப்டன் அதுக்கு முந்தின வருஷம் ஃப்ளோரிடாவுல கோல்டன் பீச்ங்கிற இடத்துல 461 ஓஷன் பொலிவார்டுங்கிற வீட்டுல தங்கி, மயாமி கிரைட்டீரியா ஸ்டுடியோவுல ஒரு ஆல்பம் பண்ணி, ஆல்பத்துக்கு அந்த வீட்டு விலாசத்தையே பேரா வச்சு பெரிய ஹிட் ஆக்கியிருந்தார். அவருக்கும் அது திரும்பி வந்த ஆல்பம்தான். நீங்களும் அங்க போய்ப் பண்ணுங்கன்னு இவங்ககிட்ட சொன்னதும் அவர்தான். 1975 ஜனவரியில அதே வீட்டுக்கே குடி போனாங்க.

ஒரு நாள் பாரி மனைவி லிண்டாவோட கார்ல ஸ்டுடியோவுக்குப் போறார், பாலம் தாண்டும்போது ரோடு இணைப்புல டயர் ஏறி இறங்கி 'சக்க சக்க சக்க'ன்னு ஒரே தாளமா சத்தம் வருது, அதைக் கவனிச்சு 'பாருங்க, நம்ம டிரைவ் பேசுது'ன்னு சொன்னது லிண்டா. பாட்டுக்கு முதல்ல வச்ச பேரே டிரைவ் டாக்கிங். பாட்டு தொடங்கும்போது பாரி கிட்டார்ல கம்பியை அமுக்கிப் பிடிச்சுச் சுரண்டற மாதிரி ஒரு சத்தம் வரும் பாருங்க, அந்தப் பாலம்தான் அது.

மார்ச் 5, சாயங்காலம்

மேல ஒருத்தர் இதெல்லாம் பேட்டிக்காக பின்னாடி கட்டின கதைன்னு எழுதியிருக்கார். எனக்கு அப்படித் தோணல. மேப் எடுத்துப் பாருங்க, கோல்டன் பீச் கடலோரத்துல நீளமா கிடக்கிற மணல்திட்டு மேல இருக்கு, ஸ்டுடியோ நார்த் மயாமியில, உள்பக்கம். நடுவுல தண்ணி. வீட்டுல இருந்து வேலைக்குப் போகணும்னா பாலம் தாண்டித்தான் ஆகணும், தினமும் போக ஒரு தடவை வர ஒரு தடவை. ஜூலியா டட்டில் காஸ்வேன்னுதான் பல இடத்துல எழுதறாங்க. எந்தப் பாலமா இருந்தாலும் அந்தச் சத்தம் அவங்க காதுல தினமும் விழுந்திருக்கும்.

அதோட, தாளம் எங்கிருந்து வேணா வரும்ங்க. நான் திருச்சி பக்கம் ஒரு ஆர்கெஸ்ட்ராவுல கீபோர்டு வாசிச்சவன், ராத்திரி கச்சேரி முடிஞ்சு வேன்ல திரும்பும்போது எங்க டிரம்மர் தூங்கவே மாட்டான், வண்டி என்ன சத்தம் போடுதோ அதுக்கு ஏத்த மாதிரி முன்சீட்டு முதுகுல தட்டிக்கிட்டே வருவான். மறுநாள் ரிகர்சல்ல அதையே டிரம்ஸ்ல வாசிப்பான். வாத்தியக்காரங்க காது அப்படித்தான்.

மார்ச் 7

பாலத்தை விட எனக்கு முக்கியமாப் படறது பாட்டோட தயாரிப்பாளர் ஆரிஃப் மார்டின்.

இஸ்தான்புல்ல பிறந்தவர். 1958ல பாஸ்டன் பெர்க்லீ இசைப்பள்ளிக்கு ஸ்காலர்ஷிப்ல வந்து, அப்புறம் நியூயார்க் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ்ல சேர்ந்து அரீதா ஃபிராங்க்ளின் ரெக்கார்டுங்களுக்கெல்லாம் வேலை பார்த்தவர். 1975 பிப்ரவரியில ஆவரேஜ் ஒயிட் பேண்ட்னு ஒரு ஸ்காட்லாந்து குரூப்போட ஃபங்க் பாட்டு அமெரிக்காவுல நம்பர் ஒன் ஆச்சு, அதோட தயாரிப்பாளரும் இவர்தான். அதாவது, பிரிட்டனுக்காரங்க இந்த மாதிரி வாசிச்சாலும் அமெரிக்காவுல கேப்பாங்கங்கிறதுக்கு, மயாமியில வேலை நடந்துக்கிட்டிருந்த அதே சமயத்துல அவர் கைக்கு ஆதாரம் வந்துடுச்சு.

படுத்துப்போன மிஸ்டர் நேச்சுரல் ஆல்பத்துக்கும் தயாரிப்பாளர் இவரேதான்! இதைப் பல பேர் சொல்றதே இல்ல. ஒரு ஆல்பம் சேர்ந்து பண்ணித் தோத்த பிறகும் ரெண்டு பக்கமும் ஒருத்தரை ஒருத்தர் விடல. இந்தக் காலத்துல ஒரு படம் ஓடலன்னா மியூசிக் டைரக்டரை மாத்திடறாங்க.

மயாமியிலயும் இவங்க ஆரம்பிச்சது பழையபடி உருக்கமான மெதுவான பாட்டுங்களைத்தான். கன்ட்ரி லேன்ஸ்னு ஒண்ணு ஜைவ் டாக்கின் வந்த மெயின் கோர்ஸ் ஆல்பத்துலயே இருக்கு, கேட்டா 1969 பீ ஜீஸ் மாதிரியே இருக்கும். ஸ்டிக்வுடுக்குத் திருப்தி இல்ல. இப்போ ரேடியோவுல என்ன ஓடுதுன்னு கேளுங்க, உங்க ஊரைச் சுத்தி என்ன வாசிக்கறாங்கன்னு கேளுங்கன்னு அவரும் மார்டினும் சேர்ந்து தள்ளினதுல வந்ததுதான் இந்தப் பாட்டு.

பாட்டு பேரு மாறினதுலயும் மார்டின் இருக்கார். டிரைவ் போய் ஜைவ் ஆனப்போ, ஜைவ்னா இவங்களுக்குத் தெரிஞ்சது டான்ஸ்தான், வரிகளும் டான்ஸைப் பத்தித்தான் எழுதியிருந்தாங்க. மார்டின் கேட்டிருக்கார், அமெரிக்கக் கறுப்பர் பேச்சுல இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமான்னு. தெரியலன்னதும், புளுகறது, அளந்து விடறதுன்னு அர்த்தம்னு விளக்கினார். உக்காந்து வரியை மாத்தினாங்க. பொய் சொல்லி ஏமாத்தற காதலியைத் திட்டற பாட்டா ஆயிடுச்சு. மாத்தாம விட்டிருந்தா அமெரிக்காவுல கேக்கறவன் முதல் வரியிலயே வெளியூர்க்காரன்னு கண்டுபிடிச்சிருப்பான்.

மார்ச் 8

'அந்தக் கீச்சுக்குரல்தான் அவங்களைக் காப்பாத்துச்சு'ன்னு எழுதினவருக்கு: பாட்டை இன்னொரு தடவை போட்டுக் கேளுங்க. ஜைவ் டாக்கின்ல பாரி பாடறது மூச்சுக் கலந்த அடங்கின குரல், கிட்டத்தட்ட காதுல கிசுகிசுக்கற மாதிரி. நீங்க சொல்ற ஃபால்செட்டோ அதே ஆல்பத்துல நைட்ஸ் ஆன் பிராட்வே பாட்டு ரெக்கார்டிங்ல பிறந்தது. கடைசியில யாராவது சுருதியோட கத்த முடியுமான்னு மார்டின் கேட்டார், பாரி கண்ணாடி அறைக்குள்ள போய் முயற்சி பண்ணினார், தனக்கு அப்படி ஒரு குரல் இருக்குன்னு அவருக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சது. அந்தப் பாட்டு ஏழாவது இடம். ஆனா கதவு அதுக்கு முன்னாடியே திறந்தாச்சு.

மார்ச் 9, மத்தியானம்

பேஸ் பத்தித் தனியா எழுதணும், அதைக் கேட்டுத்தான் நான் கீபோர்டு பக்கமே வந்தேன்.

80கள்ல எங்க ஊருல ரெக்கார்டிங் சென்டர்னு கடைங்க இருக்கும், காலி கேசட் வாங்கி லிஸ்ட் எழுதிக் கொடுத்தா பதிவு பண்ணித் தருவாங்க. இங்கிலீஷ் பாட்டுன்னா பெரும்பாலும் போனி எம், அபா. அபா போட்டு மிச்சம் இருந்த டேப்ல கடைக்காரர் அவரா ரெண்டு மூணு பாட்டை நிரப்பிக் கொடுத்திருந்தார், அதுல ஒண்ணு இது. யார் பாடினதுன்னு கவர்ல எழுதல. எனக்குப் பிடிச்சது பாட்டுக் கூட இல்ல, அடியில உருண்டு வர்ற அந்தத் தடிமனான சத்தம். பேஸ் கிட்டார்னு நினைச்சா கிட்டார் மாதிரி இல்ல, தவில் தொப்பிப் பக்கத்தைச் சுருதி சேர்த்து வாசிச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு.

அது ஏஆர்பி 2600 சிந்தசைசர். வாசிச்சது புளூ வீவர், வேல்ஸ்காரர், அப்போதான் குழுவுல புதுசா சேர்ந்தவர். டிரம்ஸ் டென்னிஸ் பிரையன், அவரும் வேல்ஸ், ரெண்டு பேரும் முன்னாடி ஆமென் கார்னர்ங்கிற குரூப்ல ஒண்ணா இருந்தவங்க. கிட்டார் ஆலன் கெண்டல். மாரிஸோட பேஸ் கிட்டாரும் உண்டு, ஆனா பாட்டைத் தூக்கி நிறுத்தறது அந்த சிந்த் பேஸ்தான். பீ ஜீஸ்னா மூணு சகோதரங்கன்னு மட்டும் எழுதறாங்க, எனக்கு அது வருத்தம். வீவர், பிரையன், கெண்டல் மூணு பேரும் இல்லாம 1975 இல்ல. புகழ்ல அவங்களுக்கு வந்த பங்கு ரொம்பக் குறைச்சல்னுதான் நான் இன்னிக்கும் சொல்வேன், ஆர்கெஸ்ட்ராவுல பின்வரிசையில உக்காந்தவனுக்கு அது புரியும்.

மார்ச் 12

இப்போ தலைப்புக்கு வர்றேன்.

பாட்டு தயார். பிரமாதமா வந்திருக்குன்னு ஸ்டுடியோவுல இருந்த எல்லாருக்கும் தெரியும். ஆனா 'பீ ஜீஸ் புதுப்பாட்டு'ன்னு சொன்ன உடனே ரேடியோக்காரங்க முகம் சுண்டிப்போகுது. பழைய ஆளுங்க, அழுகைப் பாட்டு, முடிஞ்சு போனவங்க. ஸ்டிக்வுட் என்ன பண்ணினார்னா, லேபிள்ல ஒண்ணுமே எழுதாம, வெறும் வெள்ளையா, யார் குரூப்புன்னு சொல்லாம டிஜேக்களுக்கு அனுப்பிட்டார். கேட்டவங்க எல்லாம் இது யாரு, யாரோ புது ஆளுங்களா இருக்காங்களேன்னு விசாரிச்சாங்க. பிடிச்சுப்போச்சுன்னு வாயால சொன்ன பிறகுதான் பேரு தெரிஞ்சது. அப்புறம் எப்படிப் பின்வாங்க முடியும்?

பாட்டுல ஒரு குறையும் இல்ல, தடையா நின்னது பேருதான். இது எனக்கு எவ்வளவு உறைக்குதுன்னா, எங்க குழுவுக்கே அது நடந்திருக்கு. ஒரு காலத்துல சுத்துவட்டாரத்துல எந்தத் திருவிழான்னாலும் எங்களைத்தான் கூப்பிடுவாங்க. 90கள் நடுவுல புதுப்பாட்டெல்லாம் உழைச்சு எடுத்து, கடன் வாங்கிப் புது கீபோர்டு எடுத்து, முந்தி விட நல்லா வாசிச்சோம். ஒரு கோயில் கமிட்டிக்குப் போனோம், பேரைச் சொன்னதும் 'அட நீங்களா, நீங்க பழைய பாட்டு ஆளுங்களாச்சே, பசங்க ஆடற மாதிரி வேணும்'னுட்டாங்க. ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டறோம்னு எங்க லீடர் கெஞ்சினார், டேப் கொண்டு வந்திருக்கோம், அதையாவது கேளுங்கன்னார். கேக்கல. அவர் அப்போ நின்ன நிலை இன்னும் எனக்கு மறக்கல. எங்ககிட்ட ஸ்டிக்வுட் மாதிரி ஒரு ஆள் இல்ல.

மார்ச் 12, ராத்திரி

மேல எழுதினதைத் திரும்பப் படிச்சேன். ஒண்ணு சேர்க்கணும். வெள்ளை லேபிள் தந்திரம் மட்டும் போதாது. மிஸ்டர் நேச்சுரல் பாட்டை அதே மாதிரி பேரு போடாம அனுப்பியிருந்தா, கேட்ட மறு நிமிஷம் 'இது பீ ஜீஸ்தானே'ன்னு கண்டுபிடிச்சிருப்பாங்க. அடையாளம் தெரியாத அளவுக்குச் சத்தம் மாறியிருந்ததாலதான் பேரை மறைக்கவே முடிஞ்சது.

மார்ச் 15

'அப்போ மார்டின் இல்லன்னா இவங்களுக்கு சோல் இசையே தெரியாதா'ன்னு மதுரை நண்பர் கேட்டிருக்கார். நல்ல கேள்வி, ரெண்டு நாளா இதையேதான் யோசிச்சிட்டிருந்தேன், 7ஆம் தேதி நான் எழுதினதைப் படிச்சா மார்டின் வந்து எல்லாத்தையும் கத்துக்கொடுத்த மாதிரி ஒரு தோற்றம் வருது.

அப்படி இல்ல. 1967லயே டூ லவ் சம்படி பாட்டைக் கறுப்பர் சோல் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் பாடணும்னு மனசுல வச்சுத்தான் எழுதினாங்க, அவர் பாடறதுக்குள்ள அந்த டிசம்பர்ல விமான விபத்துல போயிட்டார். அப்புறம் நீனா சிமோன் பாடினாங்க. ஹவ் கேன் யூ மெண்ட் எ புரோக்கன் ஹார்ட்டை 1972ல இன்னொரு கறுப்பர் சோல் பாடகர் ஆல் கிரீன் பாடியிருக்கார், ஆறு நிமிஷத்துக்கு மேல, உயிரை உருக்கிடும், எழுதினது வெள்ளைக்காரப் பசங்கன்னு யாருக்கும் தோணாது. அந்த ரசம் அவங்க எழுத்துக்குள்ள முதல்ல இருந்தே இருந்திருக்கு. அவங்களே பாடும்போது மட்டும் அதை வயலின்களுக்கு அடியில போட்டு மூடிட்டாங்க. மார்டின் பண்ணினது அந்த வயலினை நகர்த்தினது.

இந்த விளக்கம்தான் எனக்கு இப்போ சரியாப் படுது. அஞ்சு வயசுல இருந்து சேர்ந்து பாடினவங்களுக்கு 25 வயசுல திடீர்னு புது ரத்தம் ஏத்த முடியாது.

மார்ச் 16

'கறுப்பர் இசையைத் திருடி வெள்ளைக்காரங்க காசு பார்த்தாங்க'ன்னு ஒரு கோபமான பதில். கோபத்துல நியாயம் இருக்கு, நான் தட்டிக்கழிக்கல. மயாமி பக்கத்துல ஹையாலியாவுல டிகே ரெக்கார்ட்ஸ் இருந்துச்சு, அங்க இருந்து 1974லயே ஜார்ஜ் மெக்ரேயோட ராக் யுவர் பேபி நம்பர் ஒன் ஆகியிருந்தது. இவங்க போய் இறங்கின ஊர்க்காத்துலயே அந்தத் தாளம் இருந்திருக்கு. ஜைவ் டாக்கின் முதலிடத்துல இருந்து இறங்கி ரெண்டே வாரத்துல அதே டிகேல இருந்து கேசி அண்ட் த சன்ஷைன் பேண்டோட கெட் டவுன் டுநைட் மேல வந்துடுச்சு. சிந்த் பேஸும் ஸ்டீவி வொண்டர் ஏற்கனவே போட்ட பாதைதான்.

எடுத்துக்கிட்டாங்க, உண்மை. ஆனா எங்கிருந்து எடுத்தோம்னு ஒளிக்கல, அதோட இவங்க பாட்டை அந்தப் பக்கம் இருந்தும் எடுத்துப் பாடினாங்க, மேல ஆல் கிரீன் சொன்னேனே. பணமும் பேரும் சமமாப் போய்ச் சேர்ந்துச்சான்னு கேட்டா, இல்ல. டிஸ்கோன்னா உலகமே இந்த மூணு முகத்தை நினைக்குது, மெக்ரேயை எத்தனை பேர் நினைக்கறாங்க? அந்தக் குறை இருக்கு, பாட்டு பிடிக்கும்ங்கிறதுக்காக நான் அதை மறைக்க மாட்டேன்.

மார்ச் 17

ஆல்பம் பேரைக் கேட்டவருக்கு: ஆமா, ஜைவ் டாக்கின் வந்தது அந்த மெயின் கோர்ஸ்லதான்.

மார்ச் 20

கொஞ்சம் வேற பக்கம் போறேன், கேட்டிருக்கீங்க.

ஃபிளீட்வுட் மேக்ங்கிற குரூப்போட ரூமர்ஸ் ஆல்பத்துல முதல் பாட்டு செகண்ட் ஹேண்ட் நியூஸ். அதுக்குத் தாளம் ஜைவ் டாக்கின்ல இருந்து வந்த தூண்டுதல்னு அந்த குரூப் கிட்டாரிஸ்ட் லிண்ட்சி பக்கிங்ஹாம் சொல்லியிருக்கார். அந்தத் தாளத்துக்காக ஸ்டுடியோ நாற்காலியோட ரெக்சின் சீட்டைத் தட்டி ரெக்கார்டு பண்ணியிருக்கார். பாலத்துல இருந்து கிட்டாருக்கு, கிட்டாருல இருந்து நாற்காலிக்கு.

சாட்டர்டே நைட் ஃபீவர் படத்துல வர்ற ஸ்டேயிங் அலைவ் பாட்டோட டிரம்ஸ் கதையும் ஒருத்தர் கேட்டார். 1977ல பாரிஸ் பக்கத்துல ஷாட்டோ தெரூவில்ங்கிற பழைய மாளிகை ஸ்டுடியோவுல வேலை. டென்னிஸ் பிரையன் குடும்பத்துல உடம்பு சரியில்லன்னு ஊருக்குப் போயிட்டார். டிரம்மர் இல்ல. ஏற்கனவே பதிவான நைட் ஃபீவர்ல இருந்து ரெண்டு பார் டேப்பை வெட்டி, ரெண்டு நுனியையும் ஒட்டி, சுத்திச் சுத்தி ஓடவிட்டு அது மேலயே பாட்டு முழுசையும் கட்டினாங்க. கவர்ல டிரம்மர் பேரு 'பெர்னார்ட் லூப்'னு கிண்டலா போட்டாங்க (லூப்னா அப்படிச் சுத்தி ஓடற டேப்), அந்த ஆளை எங்களுக்கு வாசிக்க அனுப்புங்கன்னு வெளியில இருந்து கேட்டாங்களாம்! அந்தப் பாட்டு நிமிஷத்துக்கு நூத்திச் சொச்சம் அடி, நெஞ்சழுத்தி முதலுதவி செய்ய அதே வேகம்தான் வேணுங்கிறதால பயிற்சி வகுப்புகள்ல இதை மனசுல பாடிக்கிட்டே அழுத்தச் சொல்றாங்க. எங்க வீட்டுப் பொண்ணு நர்சிங் படிச்சப்போ அவளுக்கும் இதேதான் சொல்லிக் கொடுத்திருக்காங்க, வீட்டுக்கு வந்து 'மாமா, உங்க பாட்டு'ன்னா.

மார்ச் 24

'அப்புறம் ஏன் மறுபடி காணாம போனாங்க' என்ற கேள்விக்கு.

மார்டினோட பிரிவு முதல்ல. 1976ல ஸ்டிக்வுடோட ஆர்எஸ்ஓ கம்பெனி அட்லாண்டிக்கை விட்டு பாலிடார் பக்கம் போச்சு, மார்டின் அட்லாண்டிக் ஆளு, அதனால வேலை செய்ய முடியல. கார்ல் ரிச்சர்ட்சன், ஆல்பி கலூட்டன் ரெண்டு பேரும் வந்தாங்க, யூ ஷுட் பி டான்சிங் நம்பர் ஒன். அப்புறம் படம், 1978ல அந்த ரெக்கார்டு அமெரிக்காவுல 24 வாரம் முதலிடம். தூக்கின வேகத்துலயே அடிச்சாங்க. 1979 ஜூலை 12, சிகாகோ காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்துல ஒரு ரேடியோ டிஜே டிஸ்கோ ரெக்கார்டுங்களைக் குவிச்சு வெடி வச்சார், கூட்டம் மைதானத்துல இறங்கி அடுத்த மேட்ச்சே நடக்கல. ரேடியோவுல பீ ஜீஸ் போடாத வீக்கெண்டுன்னே விளம்பரம் பண்ணினாங்க. பாட்டு எழுதறவன் மேல இவ்வளவு வெறுப்பு எதுக்குன்னு எனக்கு இன்னிக்கும் மனசு ஆறல.

மறுபடியும் பேரு தடையாயிடுச்சு. இந்தத் தடவை என்ன பண்ணினாங்கன்னு பாருங்க, மத்தவங்களுக்கு எழுதினாங்க. பார்பரா ஸ்ட்ரைசாண்டுக்கு 1980ல உமன் இன் லவ், டியான் வார்விக்குக்கு 1982ல ஹார்ட்பிரேக்கர், 1983ல கென்னி ராஜர்ஸ் டாலி பார்ட்டன் பாடின ஐலண்ட்ஸ் இன் த ஸ்ட்ரீம். அமெரிக்க ரேடியோ அப்புறமும் இவங்க எழுத்தைப் போட்டுச்சு, பாடின குரல் மட்டும் வேற. பேரு போடாத வெள்ளை லேபிளையே இன்னும் பெருசாப் பண்ணின மாதிரின்னு வச்சுக்கலாம்.

1987ல சொந்தப் பேர்லயே யூ வின் அகெய்ன் இங்கிலாந்துல நம்பர் ஒன், நாலு வாரம். அமெரிக்காவுல 75 தாண்டல. அதுக்கும் தயாரிப்புல யாருன்னு நினைக்கறீங்க? ஆரிஃப் மார்டின். பாட்டு ஆரம்பத்துல தடதடன்னு ஒரு மிதி வரும், அதை எடுத்துடுங்கன்னு சுத்தி இருந்தவங்க சொன்னாங்களாம், இவங்க விடல. அவங்க பிடிவாதம் பிடிச்சது ரொம்பச் சரி, அந்த மிதியை எடுத்தா பாட்டுல பாதி போயிடும்.

மார்ச் 25

மார்டின் பத்தி விட்டுப்போனது: நோரா ஜோன்ஸோட முதல் ஆல்பம், 2002ல வந்தது, அதுக்கும் அவர்தான் தயாரிப்பாளர். நம்ம சிதார் ரவிசங்கர் பொண்ணு நோரா. அப்போ அவருக்கு வயசு எழுபதை ஒட்டி. 2006ல காலமானார். மாரிஸ் 2003ல, ராபின் 2012ல. பாரி மட்டும் இருக்கார்.

மார்ச் 28

கேள்வி கேட்ட தம்பிக்கு: அப்பாகிட்ட சண்டை போடாதீங்க. மெயின் கோர்ஸை முழுசாப் போட்டுக் காட்டுங்க, கன்ட்ரி லேன்ஸ் வரும்போது அவருக்கே அந்தப் பழைய பீ ஜீஸ் தெரிஞ்சிடும்.

கீபோர்டு பையன் அந்த பேஸ் சத்தத்தை இப்போ இருக்கிற கீபோர்டுல எப்படி எடுக்கறதுன்னு கேட்டிருக்கான். ஃபேக்டரி டோன்ல 'சிந்த் பேஸ்'னு இருக்கிறதை அப்படியே போடாதே, அது மெலிசா இருக்கும். மோனோவுல வை, ஒரு நேரத்துல ஒரு நோட்டு மட்டும் பேசணும். சா டூத் அலை எடுத்து ஃபில்டரை நல்லா மூடி, அழுத்தின உடனே கொஞ்சம் திறந்து மூடற மாதிரி என்வலப் வை. ரிவர்ப் சுத்தமா வேண்டாம். அப்புறம் இடது கையில வாசிக்காதே, நாங்க ஆர்கெஸ்ட்ராவுல ஆளில்லாம அப்படித்தான் வாசிப்போம், தாளம் லேசா பின்வாங்கும். வலது கையில அதை மட்டும் வாசி, கிட்டாரை வேற யாராவது வாசிக்கட்டும். விரலை எடுக்கற இடம்தான் முக்கியம், நோட்டை இழுக்காதே, சட்டுனு விடு. ரெக்கார்டு பண்ணினா இங்க போடு, கேட்டுட்டுச் சொல்றேன்.